வெள்ளை, சின்னது

டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில்
பேனாவால் இரண்டு கோடு போட்டாள்.
குறுக்கே ஒன்று, அதன் நடுவிலிருந்து கீழே ஒன்று.
"எல்லாருக்கும் பேரிக்காய் மாதிரி இருக்கும் கர்ப்பப்பை.
உங்களுக்கு இப்படி."
எனக்கு அது எங்கள் தெருமுனைக் கரண்டுக் கம்பமாகத் தெரிந்தது,
காத்தாடிகள் சிக்கிக் கிழிந்து தொங்கும் கம்பம்.
மூன்று காத்தாடிகள்.
மூன்றும் என்னுடையவை.

"எந்த வருஷம் பிறந்தீங்க?"
எண்பத்தொன்று.
"உங்களைச் சுமந்தப்போ அம்மா
ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?"
பிறப்பதற்கு முன்னால் நான் என்ன சாப்பிட்டேன் என்று
நாற்பத்து மூன்று வயதில்
முதன்முதலாக ஒருத்தி கேட்கிறாள்.

"அதனாலதானா?"
"இருக்கலாம்."
அந்தச் சொல்லையும் சேர்த்து
ஃபைலில் வைத்துக் கொடுத்தாள்.
வருஷத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னாள்,
உள்ளே செல் ஏதும் மாறுகிறதா என்று பார்க்க.

கொருக்குப்பேட்டை கேட்டு மூடியிருந்தது.
ஷேர் ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு
காலை வெளியே போட்டுக்கொண்டார்.
டேங்கர் வேகன்கள் போய்க்கொண்டே இருந்தன.
அந்தச் சத்தத்துக்குள் வைத்து அம்மாவைக் கேட்டேன்,
பக்கத்து சீட்டுக்குக் கேட்காதபடி.

"குடுத்தாரு."
"யாரு?"
"ஜெயசீலன் கம்பவுண்டரு. மார்க்கெட்டாண்ட இருந்தாரே.
உனக்கு முன்னாடி ரெண்டு கலைஞ்சிடுச்சி இல்ல,
நிக்கணும்னு குடுத்தாரு."
"என்ன மாத்திரம்மா?"
"வெள்ள. சின்னது."
இருபத்தேழாவது வேகனில் எண்ணிக்கை விட்டுப்போனது.
கேட்டு ஏறியதும் எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில்.

மருந்துக்கடை இருந்த இடத்தில்
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.
கம்பவுண்டர் செத்துப் பதினேழு வருஷம்.
மகன் மட்டும் அதே சந்தில் இருந்தான், மரியாதையானவன்.
கணக்கு நோட்டு எதுவும் இல்லை என்றான்.
"அப்பாவுக்குக் கைராசிக்கா.
பேட்டையில பாதிப் புள்ளைங்க அவரு கையில தங்குனதுதான்."
பாதி.
அந்தப் பாதியில் இன்னும் யார் யாரோ
எங்கெங்கோ பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கலாம்.

அன்றிரவு கரண்டு போனது.
மொட்டைமாடியில் காற்றே இல்லை.
மணலிப் பக்கம் புகைபோக்கியின் தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது.
நான் கேட்காமலேயே நாகபூஷணம் பேசினாள்,
அம்மாவாக இல்லாமல், இருபத்திரண்டு வயதுக்காரியாக.

"மொதல்ல நிக்கணும்னு இல்ல.
எறா உரிக்கிற கம்பெனில வேல. மாசமானா நிறுத்திடுவான்.
உங்க நைனாவுக்கு ஹார்பர்ல ஆறு மாசமா கூலி இல்ல.
நாள் தள்ளிப் போச்சி. போய் நின்னேன்.
ரெண்டு நாள் முழுங்கு, வந்துடும்னாரு.
வர்ல.
நீ வந்த."

"அப்ப கேட்டாண்ட சொன்னது?"
"அதுவும்தான். பத்து நாள் கழிச்சி மனசு கேக்கல.
நிக்கட்டும்னு திரும்பப் போனேன்.
அப்பவும் குடுத்தாரு, நாலு மாசத்துக்கு.
அதே வெள்ள. அதே சின்னது."

கோபத்தை எடுத்துக்கொண்டு
மூன்று தடவை மாடிப்படி இறங்கி ஏறினேன்.
வைக்க இடமில்லை.
கடுகளவு இருந்த எனக்குள்
வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும்
ஒரே நிறத்தில் இறங்கியிருக்கின்றன.
எது என்னை இப்படி வளைத்தது என்று
எந்த ஸ்கேனில் பார்ப்பது?
இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம்.

காலையில் சாப்பாட்டுக்கு முன்னால்
அம்மா சுகர் மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டினாள்.
எட்டு வருஷமாகத் தானே பிய்த்துப் போட்டுக்கொள்கிறவள்.
"பேரு படி."
படித்தேன்.
"எதுக்கு இது?"
"சக்கரைக்கு."
தண்ணீர் டம்ளர் கையிலேயே இருந்தது.
"வேற எதுக்கும் குடுக்க மாட்டாங்களே?"

அட்டையைத் திருப்பி
பொடி எழுத்தில் இருந்ததையும் படிக்க ஆரம்பித்தேன்.